மாத்திரை போட்டாலே வயிறு புரட்டுகிறது, ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. ஒரு வருடமாகவே களைப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடியும் கொட்டுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பு) 7, பி12 160, வைட்டமின் டி 12 என்று வந்தது. 100 மில்லிகிராம் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, பி12 மாத்திரை, கால்சியம் மாத்திரை, வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். முடிக்காக நானே ஒரு மல்டிவைட்டமினும் பயோட்டினும் வாங்கிச் சேர்த்துக்கொண்டேன். மறந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் காலையில் வெறும் வயிற்றில் காபியோடு ஒரே தடவையில் விழுங்கிவிடுவேன். அரை மணி நேரத்தில் வயிறு புரட்டும், நெஞ்சு எரியும். மலச்சிக்கல் வேறு. பத்தாவது நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். எனக்கு ஆரம்பத்திலிருந்தே வயிறு சென்சிட்டிவ். மூன்று வருடமாகத் தினமும் கேஸ் மாத்திரை போட்டால்தான் சாப்பாடே இறங்குகிறது. மாத்திரையே வேண்டாம் என்று எல்லாச் சத்தையும் ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா? இன்னொன்று, இரவில் பாதம் மரத்துப்போகிறது. நாள் முழுக்க நின்று வேலை செய்வதால் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் என்னை நிறுத்தியது அதுதான். பி12 160 என்று குறைந்திருக்கும் ஒருவர் பாதம் மரத்துப்போகிறது என்றால், நின்று வேலை செய்த களைப்பு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. நரம்பைப் போர்த்தியிருக்கும் உறை நல்லபடியாக இருக்க பி12 வேண்டும். அது நாட்பட்டுக் குறைந்தால் முதலில் பாதத்தில்தான் தெரியும். ஊசி குத்துவது போலிருக்கும், பஞ்சின் மேல் நடப்பது போலிருக்கும். அடுத்து இருட்டில் நடக்கும்போது கால் தடுமாறும். வாஷ்பேசின் முன்னால் கண்ணை மூடி முகம் கழுவும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள். கண்ணை மூடியதும் தள்ளாடினால் கால் எங்கே இருக்கிறது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். சீக்கிரம் பார்த்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். மாதக்கணக்கில் விட்டால் ஒரு பகுதி அப்படியே நின்றுவிடவும் கூடும்.

அதனால் பி12-க்கு உங்கள் கேள்வியின் பதில்: ஆம், ஊசிதான், அதுவும் இந்த வாரமே. மரத்துப்போவதைப் பற்றி டாக்டரிடம் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அவரே ஊசியில் ஆரம்பித்திருப்பார். முதல் இரண்டு வாரம் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் போடுவது வழக்கம். எத்தனை, எப்படி என்பதை அவர் முடிவு செய்யட்டும். இதில் இன்னொரு விஷயம் உண்டு. உங்கள் இரும்பு மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் போய்ச் சேர்ந்தால் ரத்தச்சோகை தேறியது போலத் தெரியும், அடியில் நரம்பு கெட்டுக்கொண்டே போகும். அதனால்தான் பி12 முதலில் உள்ளே போக வேண்டும் என்கிறேன்.

மற்ற இரண்டுக்கும் ஊசி இப்போதைக்கு வேண்டாம். வைட்டமின் டி வாரம் ஒருமுறைதான், அதனால் உங்கள் வயிற்றுக்குப் பெரிய தொந்தரவு இருக்காது. இரும்பை ரத்தக்குழாய் வழியாக ஏற்ற முடியும். மாத்திரை நிஜமாகவே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல வழியும்கூட. ஆனால் உங்களுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் இன்னும் நம்பவில்லை. நீங்கள் போட்ட விதத்தில் போட்டால் திடமான வயிறுகூடப் புரட்டும்.

உங்களைப் போலவே ஒரு அம்மா என்னிடம் வந்திருந்தார். கைப்பையைத் திறந்து மேசையில் ஏழு மாத்திரை அட்டைகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் நாலைந்து மாத்திரைதான் காலி, மற்றவை அப்படியே இருந்தன. “எதுவுமே ஒத்துக்கல டாக்டர்” என்றார். “எது புரட்டுது?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், ஏழும் ஒன்றாகத்தானே உள்ளே போயின? ஆறை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கொடுத்தேன். ஐந்து நாள் கழித்து இன்னொன்று. அவருக்கு ஒத்துக்கொள்ளாதது ஒன்றே ஒன்றுதான் என்று மூன்று வாரத்தில் தெரிந்தது. அதையும் வேறு விதமாகக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அந்த ஒன்று இரும்பு.

உங்கள் விஷயத்திலும் நான் முதலில் சந்தேகப்படுவது இரும்பைத்தான். நீங்கள் விழுங்குவது 100 மில்லிகிராம். அதில் ரத்தத்தில் சேர்வது பத்திலிருந்து இருபது மில்லிகிராம் இருந்தால் பெரிது. மிச்சமெல்லாம் குடலோடு பயணம் போகிறது. குமட்டல், எரிச்சல், மலச்சிக்கல், கறுத்த மலம் எல்லாம் அந்த மிச்சத்தின் வேலை. மாத்திரையைக் கூட்டினால் தொல்லை கூடுமே தவிர, உடம்பில் சேர்வது அதே அளவுக்குக் கூடாது.

இதற்குக் காரணம் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். ஒரு இரும்பு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் ஏறி, இரும்பு உள்ளே வரும் வாசலைச் சாத்துகிறது. ஏறத்தாழ ஒரு நாள் அந்தக் கதவு அரைகுறையாகத்தான் திறந்திருக்கும். மறுநாள் காலை அடுத்த மாத்திரையைப் போட்டால் பாதி சாத்திய கதவில்தான் போய் முட்டும். சூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் இதை அளந்து காட்டினார்கள். இரும்பு குறைந்த இளம்பெண்களில் ஒரு குழுவுக்கு 60 மில்லிகிராம் தினமும், இன்னொரு குழுவுக்கு அதையே ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தார்கள். தினமும் போட்டவர்கள் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சுமார் 16 சதவீதம் எடுத்துக்கொண்டார்கள். விட்டு விட்டுப் போட்டவர்களோ சுமார் 22 சதவீதம். வயிறு சென்சிட்டிவ் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் வயிறும் ஆறும், மாத்திரையும் வீணாகாது.

ஆகவே டாக்டரிடம் பேசி 100-ஐ 60 அல்லது அதற்கும் குறைவாக மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். அட்டையில் மொத்த உப்பின் எடையைப் பார்க்காதீர்கள். தனிம இரும்பு, அதாவது அந்த உப்பில் உள்ள நிஜ இரும்பு, எவ்வளவு என்று பாருங்கள். ஃபெரஸ் சல்ஃபேட் 325 மில்லிகிராம் என்று போட்டிருக்கும் மாத்திரையில் இரும்பு 65 மில்லிகிராம்தான். ஃபெரஸ் ஃபியூமரேட்டில் அதே எடைக்கு இரும்பு அதிகம், குளுக்கோனேட்டில் குறைவு. பெயரை மாற்றினால் வயிறு கேட்கும் என்று பலர் மாற்றி மாற்றி வாங்குகிறார்கள். இரும்பின் அளவு குறைந்ததால்தான் பல நேரம் நிம்மதி கிடைத்திருக்கும். அதைவிடவும் மெதுவாகத் தொடங்க வேண்டும் என்றால் திரவ மருந்து இருக்கிறது. சில சொட்டுகளில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போகலாம். பல்லில் கறை படியும் என்பதால் ஸ்ட்ரா வைத்துக் குடியுங்கள். குடலில் போய்த்தான் கரையும் என்று உறை போட்டு வரும் மாத்திரைகளை நான் அதிகம் எழுதுவதில்லை. இரும்பு உள்ளே போவது முன்சிறுகுடலில். இந்த மாத்திரை அந்த இடத்தைத் தாண்டிப் போய்க் கரைந்தால் வயிறு அமைதியாக இருக்கும், ரத்தமும் ஏறாது.

வெறும் வயிற்றில் போட்டால் அதிகம் சேரும் என்பது உண்மைதான். ஆனால் புரட்டலுக்குப் பயந்து அட்டையிலேயே கிடக்கும் மாத்திரையிலிருந்து எதுவும் சேராது. முதல் மூன்று வாரம் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே போடுங்கள், பழகியபின் சாப்பாட்டிலிருந்து தள்ளிப் பார்க்கலாம். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை நான்கும் மட்டும் கூடவே கூடாது. இரும்புக்கும் இவற்றுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நீங்கள் காபியில் இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கிறீர்கள். பத்து நாள் பட்ட கஷ்டத்துக்கு உடம்பில் சேர்ந்தது மிகக் கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும், அதை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது.

நெஞ்செரிச்சல் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பு மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். ஒரு மடக்கு காபியில் ஆறு மாத்திரை சரியாக இறங்காது. ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாகக் குடியுங்கள், நின்றோ உட்கார்ந்தோ போடுங்கள், அரை மணி நேரம் படுக்காதீர்கள்.

சரி, இனி கேஸ் மாத்திரைக்கு வருகிறேன். என் பார்வையில் உங்கள் கடிதத்தின் மையமே அதுதான். உங்களுக்குச் சத்து ஏன் குறைந்தது என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. இரும்பும் பி12-ம் சேர்ந்து குறைந்திருக்கிறது, வயிறும் பல வருடமாகச் சரியில்லை. இதைத் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். காய்கறி, தானியத்தில் இருக்கும் இரும்பு கரைவதற்கும் அமிலம் வேண்டும். ஓமெப்ரசோல், பான்டொப்ரசோல் வகை மாத்திரைகள் அந்த அமிலத்தைத்தான் அடக்குகின்றன. இரண்டு வருடத்துக்கு மேல் தினமும் போடுகிறவர்களுக்கு பி12 குறைவதைப் பார்க்கிறோம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் போடுகிறவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு, அதை ஒருமுறையாவது சோதித்துவிட வேண்டும். இரைப்பைச் சுவரில் ஒரே வகைச் செல்கள் இரண்டு வேலை செய்கின்றன. அமிலத்தையும் சுரக்கின்றன, பி12-ஐக் கைபிடித்துச் சிறுகுடலின் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு புரதத்தையும் சுரக்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் செல்களை அழிக்கும் ஒரு நோய் இருக்கிறது. அதில் உங்கள் வயதுப் பெண்களுக்கு முதலில் இரும்பு குறையும், பி12 அப்புறம் குறையும். சாப்பிட்டதும் வயிறு கனப்பது, உப்புசம் எல்லாம் இருக்கும். பார்க்க அமிலம் அதிகமானது போலத் தெரியும், உண்மையில் அமிலம் குறைந்திருக்கும். 1920-களின் நடுப்பகுதிவரை இந்த பி12 குறைபாட்டு ரத்தச்சோகைக்கு மருந்தே கிடையாது. மைனாட், மர்ஃபி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளைத் தினமும் நிறையக் கல்லீரல் சாப்பிட வைத்துக் காப்பாற்றினார்கள். அதற்காக 1934-இல் விப்பிள் என்ற இன்னொரு அமெரிக்க ஆராய்ச்சியாளரோடு சேர்த்து நோபல் பரிசும் பெற்றார்கள். கல்லீரலில் என்ன இருந்தது என்பது 1948-இல் பி12-ஐத் தனியே பிரித்தெடுத்த பிறகுதான் தெரிந்தது. இன்று நமக்கு அந்தச் சிரமம் இல்லை. 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் ஏறத்தாழ ஒரு சதவீதம், அந்தப் புரதத்தின் துணையே இல்லாமல் தானாகக் கசிந்து உள்ளே போகும். அதுவே பத்து மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 தான். அதனால் ஊசி முடிந்தபின் உங்களுக்கு மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். பி12 மாத்திரை வயிற்றைக் கெடுப்பதும் அபூர்வம்.

டாக்டரிடம் மூன்றைக் கேளுங்கள். இரைப்பையில் தங்கும் எச். பைலோரி கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை. கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கு ரத்தப் பரிசோதனை. மேலே சொன்ன எதிர்ப்புச் சக்திக் கோளாறுக்கு ரத்தப் பரிசோதனை. எச். பைலோரிக்குப் பார்ப்பதற்கு முன் இரண்டு வாரம் கேஸ் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். சீலியாக்குக்கு நேர்மாறு. பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தவே கூடாது. வயிற்றுக்கு நல்லது என்று யாரோ சொல்லி நிறுத்தியிருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே கேஸ் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்று வருடம் அடக்கி வைத்த அமிலம் திடீரென்று விட்டால் முன்பைவிட அதிகமாகச் சுரந்து சில வாரம் எரிச்சலைக் கிளப்பும். “பார்த்தியா, இது இல்லாமல் என்னால முடியாது” என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள். அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, டாக்டர் கண்காணிப்பில் இறங்க வேண்டும். முன்பு குடல்புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், தினமும் வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ போடுகிறவர்கள் போன்ற சிலருக்கு அது உயிர்காக்கும் மருந்து. அவர்கள் நிறுத்தவே கூடாது. நீங்கள் அந்த வகையா என்பது கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

வைட்டமின் டி-யில் எனக்கு ஒரே ஒரு பயம்தான். ஒரு பெரியவரை வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று அழைத்து வந்தார்கள். வயிற்றுக்கோளாறு என்று இரண்டு மாதமாக வைத்தியம் நடந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொன்னேன். வாரம் ஒன்று போட வேண்டிய 60,000 யூனிட் வைட்டமின் டி-யை அவர் தினம் ஒன்றாகப் போட்டிருந்தார். ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகமும் அடிவாங்கியிருந்தது. இந்த வைட்டமின் கொழுப்பில் தங்குவது, நிறுத்தியும் அவர் தேற மாதங்கள் ஆயின. நீங்கள் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கு எண்ணெயோ நெய்யோ உள்ள பெரிய சாப்பாட்டோடு போடுங்கள். சொன்ன வாரக்கணக்கு முடிந்ததும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மல்டிவைட்டமினும் பயோட்டினும் இப்போது வேண்டாம். மல்டிவைட்டமின்களில் பெரும்பாலும் துத்தநாகம் இருக்கும், வெறும் வயிற்றில் அதுவும் நன்றாகப் புரட்டும். முடி கொட்டுவதற்கு ஃபெரிட்டின் 7 என்ற காரணமே போதும். பயோட்டின் அதிக அளவில் உடம்பில் இருந்தால் தைராய்டு, பி12 போன்ற சில பரிசோதனை முடிவுகளையே தப்பாகக் காட்டிவிடும். அடுத்த பரிசோதனைக்குப் போகுமுன் இதைச் சொல்ல மறக்காதீர்கள். கால்சியத்தைப் பொறுத்தவரை, கார்பனேட் வகை சாப்பாட்டோடு போட்டால்தான் சேரும். மலச்சிக்கலையும் கூட்டும். கேஸ் மாத்திரை போடுகிறவருக்கு சிட்ரேட் வகை பொருந்தும். கால்சியம் அவசியம்தானா என்பதையே டாக்டரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஆக, முதல் வாரம் பி12 ஊசியும் வைட்டமின் டி-யும் மட்டும். வயிறு ஆறட்டும். இரண்டாவது வாரம் குறைந்த அளவு இரும்பு, ஒருநாள் விட்டு ஒருநாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின். வேறு எதுவும் புதிதாகச் சேர்க்காதீர்கள். காலண்டரில் போட்ட நாளைக் குறித்து, பக்கத்தில் வயிறு எப்படி இருந்தது என்று ஒரே வார்த்தை எழுதுங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர் என்றால் அதற்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரும்பு மாத்திரையைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நிறையத் தின்றால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபின் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருந்தால் வழி சரி. இயல்பு அளவுக்கு வந்தபின்னும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் கையிருப்பு நிரம்பும். ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை, அல்லது குறைந்த அளவுகூட வயிறு தாங்கவில்லை என்றால் அப்போது இரும்பை ரத்தக்குழாய் வழியாக ஏற்றச் சொல்லி நானே எழுதுவேன்.

இரும்பு போடும்போது மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போவது சாதாரணம். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து நாற்றம் எடுத்தால் அது ரத்தமாக இருக்கலாம். அப்படிப் போனாலோ, ரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சுவலி இவற்றில் ஒன்று வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விவரம் இல்லை. மாதவிடாய் எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாக வருகிறதா, இரவில் எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? 41 வயதில் ஃபெரிட்டின் 7-க்கு இறங்குவதற்கு முதலில் தேட வேண்டிய இடங்களில் அது ஒன்று. பல பெண்கள் இதெல்லாம் எல்லோருக்கும் இருப்பதுதானே என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும், இருந்தால் மேலே சொன்ன அளவுகள் மாறும். இந்த இரண்டையும், பாதம் மரத்துப்போவதையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி டாக்டர் மேசையில் முதலில் வையுங்கள்.